ஏரிக்கரைக் காலனியின் சுல்தான்

எங்கள் காலனி ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு சுல்தான் தேவைப்பட்டதற்குக் காரணம் வரலாறு அல்ல, பசை. முந்தின வருடம் ராஜா வேஷம் போட்டவருக்கு ஒட்டிய தாடி, அவர் சபதம் போடுகிற கட்டத்தில் ஒரு காதை விட்டுவிட்டு மறு காதில் தொங்கியது. மனிதர் அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே மீதி வசனத்தைச் சொல்லி முடித்தார். ஏரிக்கரையில் விளையாடுகிற பிள்ளைகள் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைப் பிடித்துக் காட்டினார்கள். நலச்சங்கச் செயலாளருக்கு அது பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது. இனி நம் மேடையில் பொய்த் தாடி ஏறாது என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்.

எண்பதுகளின் கடைசி அது. பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி எங்கள் காலனி அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்தது. மூன்று மனைக்கு ஒரு வீடு. மழை பெய்தால் தெருவே ஏரிக்குத் திரும்பிவிடும். செயலாளரும் என் கணவரும் காலையில் ஒரே எலெக்ட்ரிக் ரயிலில் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகிறவர்கள். ஒரு நாள் தாம்பரத்தில் எதிரெதிரே உட்கார இடம் கிடைத்தபோதுதான் செயலாளர் என் கணவரின் முகத்தை நிதானமாகப் பார்த்திருக்கிறார். அடர்த்தியான, கறுகறுவென்ற, யாரும் ஒட்டாத தாடி. ஜனவரி விழா வரைக்கும் அதை எடுத்துவிட வேண்டாம் என்று அங்கேயே கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாராம்.

எடுக்க முடியாது என்பதுதான் விஷயமே. நான் முழுகாமல் இருந்தேன். மனைவி முழுகாமல் இருந்தால் புருஷன் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, சவரம் செய்துகொள்ளக் கூடாது. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். தெருவில் ஓர் இளைஞன் தாடியோடு போனால் ஒன்று காதல் தோல்வி, இல்லையென்றால் வீட்டில் விசேஷம் என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் என் கணவர் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. கேட்டால், “சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு கிடைச்சிருக்கு, விடுவேனா” என்பார். நானும் அதை அப்படியே நம்பினேன். எதையும் சிரித்துத் தள்ளுகிற மனிதர் அவர். அதுதான் அவர்மேல் எனக்கு இருந்த கோபமும்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. அது எங்கள் மூன்றாவது குழந்தை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது, ஆண் குழந்தை, எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவரோ நாலைந்து நாளிலேயே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். வாசலில் பால்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவேயில்லை. ஒன்றரை வருடமாக அதை உள்ளே வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டேன்.

நாடகத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான் சரித்திர டீச்சர். தாடி வைத்த ராஜாவாக யாரையாவது பிடியுங்கள் டீச்சர், ஆனால் எல்லாரும் போடுகிற ராஜா வேண்டாம் என்றார் செயலாளர். எனக்கு உடனே அந்த சுல்தான் ஞாபகம் வந்தார். மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் அவரைப் பற்றிச் சில பக்கங்கள் இருந்தன. பெயரை நாடகத்திலும் நான் சொல்லவில்லை. ‘சுல்தான்’ என்றே எழுதினேன், அப்படியே இங்கும் இருக்கட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். அரபு வம்சம். மீசை அரும்புகிற வயதிலேயே குத்துவாளால் ஒருவரைத் தீர்த்துவிட்டுத்தான் அரியணையைப் பிடித்தார். பாலைவனமும் பாறையுமாக இருந்த சொந்த ஊரை ஆண்டுகொண்டிருந்தவர், ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே ஒரு பச்சைத் தீவைப் பார்த்து மயங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் தர்பாரையே கப்பலேற்றி அங்கே கொண்டுபோய்விட்டார். தீவெங்கும் லவங்க மரம் வைக்கச் சொன்னார். வைக்காதவர்களின் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வேன் என்று மிரட்டினார். நம் அஞ்சறைப் பெட்டி லவங்கத்துக்கும் அவருக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. அந்தத் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் விலைக்கு வாங்கிய மனிதர்கள். அதற்கும் ஒரு காட்சி எழுதினேன். நேரமாகிவிடும் என்று செயலாளர் அதை வெட்டப் பார்த்தார். அது இல்லையென்றால் நாடகமே இல்லை என்று நான் பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு வழிக்கு வந்தார்.

இங்கிலாந்து ராஜாவுக்கே ஒரு போர்க்கப்பலைப் பரிசாக அனுப்பியவர் இந்த சுல்தான். அப்படிப்பட்டவருடைய அரண்மனையில் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தார்கள், இறந்துகொண்டும் இருந்தார்கள். பிறந்தவர்களில் பெரும்பாலோர் அவர் கண்ணெதிரே போனவர்கள். அந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சரித்திரத்தில் எத்தனையோ ராஜாக்கள் இருக்க இவரை நான் பிடித்துக்கொண்டதற்கு அந்த வரிதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசிக் காலத்தில் அவர் ஏதோ தகராறைத் தீர்க்கச் சொந்த ஊருக்குப் போனார். திரும்பும்போது கப்பலில் கொஞ்சம் பலகைகளை ஏற்றச் சொன்னாராம். வழியில் யாராவது செத்தால் கடலில் போட்டுவிடக் கூடாது, பெட்டி செய்து தீவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது உத்தரவு. அந்தப் பயணத்தில் செத்தது அவரேதான். என் நாடகத்தின் கடைசிக் காட்சி அதுதான்: கப்பல் தளம், பலகைகள், சுல்தான் தன் மகனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பலகைமேல் படுத்துக்கொள்கிறார், வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். எழுதி முடித்து நானே அழுதேன், அவ்வளவு திருப்தி.

எனக்கு அம்மா இல்லை. அதனால் ஏழாம் மாதத்திலேயே என் மாமியார் செங்கல்பட்டிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். ஒத்திகை எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். மாமியார் எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு ஓர் ஓரமாக நின்று ரசிப்பார். மகன் மிடுக்காக நடப்பதைப் பார்த்து அவருக்கு ஒரே பெருமை. கடைசிக் காட்சியை முதல்முறை ஒத்திகை பார்த்த அன்றுதான் காபி டம்ளர்களோடு அப்படியே நின்றுவிட்டார். எல்லாரும் போகும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு ஆரம்பித்தார். புள்ளத்தாச்சிப் பொண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு புருஷன் பிணம் தூக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது, மலையேறக் கூடாது, புது வீட்டுக்குக் கடைக்கால் போடக் கூடாது. இதில் பிணமாகவே படுப்பதா?

என் கணவர் வழக்கம்போலச் சிரித்தார்.

“நடிப்புதானம்மா. படுத்துக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டேதான் இருப்பேன்.”

“படுக்கிறது படுக்கிறதுதான்டா” என்றார் மாமியார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மனிதரை வேஷத்துக்குப் பிடித்ததே தாடிக்காக. தாடி வந்ததே எனக்காக. அந்தத் தாடி இருக்கும் வரைக்கும் அவர் அந்த வேஷத்தைப் போடக் கூடாது. ஒரு காலனியே கூடி யோசித்துச் செய்த முட்டாள்தனம்.

செயலாளர் ஓடி வந்தார். சுல்தான் பிழைத்துக்கொண்டதாக முடித்துவிட்டால் என்ன டீச்சர், விழா அன்றைக்கு மங்களகரமாகவும் இருக்குமே என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரித்திரத்தை உங்கள் வசதிக்கு மாற்ற முடியாது, அந்த மனிதர் செத்துத்தான் போனார் என்றேன். என் கணவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, உண்மையில் அவர் செத்தது வயிற்றுப்போக்கில்தானே, மேடைக்கு ஆகாது என்று நீதானே அதைக் காய்ச்சலாக மாற்றினாய், வியாதியை மாற்றலாம், முடிவை மாற்றக் கூடாதா என்று கேட்டார். செயலாளர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

அத்தை, போன இரண்டு முறையும் நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன் என்று மாமியாரிடம் சொன்னேன். பப்பாளி தொடவில்லை, கிரகணத்தன்று ஜன்னல் பக்கம் போகவில்லை, பொழுது சாய்ந்து வாசல் தாண்டவில்லை, பூசாரி மந்திரித்த கயிற்றை அவிழ்க்கவில்லை.

“கேட்டு என்ன ஆச்சு அத்தை?”

மாமியார் திரும்பிக்கொண்டார். உள்ளே போய் அரிசி களைய உட்கார்ந்தார். அவரைப் புண்படுத்திவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அந்தக் காட்சியை மாற்றினால் நானும் பயப்படுகிறேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பயத்துக்கு ஒரு இடம் கொடுத்தால் அது கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று எனக்குப் பட்டது. உண்மையில் அது எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தது. குழந்தை அசைகிறதா என்று நான் கையை வைத்தபடியேதான் போர்டில் எழுதுவேன். அசைவு சற்று நின்றால் உயிரே போகும். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

செயலாளர் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். கடைசி நிமிஷத்தில் விளக்கை அணைத்துவிட்டு, சுல்தானுக்குப் பதில் தானே பலகையில் படுத்துக்கொள்வதாகவும், முகத்தோடு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் சொன்னார். செயலாளரின் தொப்பையை மூடுகிற துணி தாம்பரத்திலேயே கிடையாது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் கணவரும் வேண்டாம் சார், நானே படுக்கிறேன், டீச்சர் எழுதினபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது. மாமியார் அன்றிலிருந்து ஒத்திகைக்குக் காபி கொடுக்க வரவில்லை. நானே போட்டுக் கொடுத்தேன்.

விழா அன்று காலையில் பந்தல்காரர் வந்தார். பீர்க்கன்கரணையைச் சேர்ந்தவர், தச்சு வேலையும் தெரியும். மூங்கிலும் நீலத் துணியுமாகப் பிரமாதமாக ஒரு கப்பல் முகப்பு கட்டிக் கொடுத்தார். செயலாளரின் பாதி கட்டிய வீட்டிலிருந்து கான்கிரீட் போட வைத்திருந்த சென்ட்ரிங் பலகைகளை எடுத்து வந்து மேடையில் அடுக்கினார்கள். அதைப் பெட்டி மாதிரி லேசாக ஆணி அடித்துக் கொடுக்க முடியுமா என்று செயலாளர் கேட்டதும் பந்தல்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் கணவரைக் காட்டினார்.

“கப்பல் கேட்ட, கட்டிக் குட்த்தேன். பொட்டி மட்டும் கேக்காத சார். இவரு வூட்ல புள்ளத்தாச்சி கீறாங்க, இன்னா சார் நீ.”

பலகை பலகையாகவே கிடந்தது. என் கணவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லிச் சிரிக்கவில்லை. மேடை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறரைக்கு நாடகம் தொடங்கியது. மாமியார் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மாம்பலத்தில் வாடகைக்கு எடுத்த அங்கியும் தலைப்பாகையும் இடுப்பில் அட்டைக் குத்துவாளுமாக என் கணவர் வந்து நின்றபோது கூட்டம் விசிலடித்தது. தாடி அசையவில்லை, செயலாளரின் முகம் மலர்ந்துவிட்டது. தீவுக்கு வந்தது, லவங்கம் நட்டது, விலைக்கு வந்த மனிதர்களின் காட்சி, வெள்ளைக்காரத் தூதர் வந்தது எல்லாம் தடங்கலில்லாமல் போயிற்று. நான் எழுதியதை ஊர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

கடைசிக் காட்சி. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். சுல்தான் தள்ளாடிக்கொண்டே பலகைகளின் அருகில் வந்தார். மகனாக நடித்த பக்கத்து வீட்டு பாங்க் கிளார்க் வெள்ளைத் துணியோடு காத்திருந்தார். என் கணவர் குனிந்தார். பலகைமேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை, படுக்கவும் இல்லை.

வசனம் மறந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மகனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அதற்கு மேல் வசனமே கிடையாது, படுக்க வேண்டியதுதான் பாக்கி. திரைக்குப் பின்னாலிருந்து செயலாளர் மெதுவாக “படுங்க சார், படுங்க” என்று சொன்னது மைக்கில் விழுந்து ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. என் கணவர் நிமிர்ந்தார். இருட்டில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு, ஒத்திகையில் நான் கேட்டேயிராத குரலில் சொன்னார்:

“இந்தப் பலகைகளை எடுத்துச் செல்லுங்கள். என் வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது. இதில் ஒரு தொட்டில் செய்யுங்கள்.”

பாங்க் கிளார்க் பாவம், ஒரு மாதமாக ஒப்பாரியை மனப்பாடம் செய்திருந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், எதிரே கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து, தந்தையே, எங்களைத் தவிக்க விட்டுப் போய்விட்டீர்களே என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செயலாளர் திரையை இழுத்துவிட்டார். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. சுகமான முடிவு என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். சண்டை போடத்தான் போனேன் என்று நினைக்கிறேன். அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், உன் நாடகத்தைக் கெடுத்துவிட்டேன் என்றார்.

“போன தடவை நான்தான் கையில தூக்கிட்டுப் போனேன்” என்றார். “ஆட்டோவுல, துண்டுல சுத்தி. நீ பாக்கல. அந்தப் பலகையத் தொட்டதும் எனக்கு அந்தக் கனம் கையில வந்துடுச்சு. என்னால படுக்க முடியல.”

ஒன்றரை வருடத்தில் அவர் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்த எனக்கு, யார் தூக்கிப் போனார்கள், எங்கே வைத்தார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்று இருந்துவிட்டேன். அந்த யாரோ இவர்தான். அதற்கப்புறம் இவர் எங்கே போய் அழுதிருப்பார்? பால்காரரிடம் சிரித்தவர் வாசலைத் தாண்டியதும் என்ன செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? டிசம்பரில் ஆபீஸ் நண்பர்களோடு கோவளம் போனபோது எல்லாரும் கடலில் இறங்கிக் கூத்தடிக்க, இவர் மட்டும் செருப்புகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருந்தாராம். சோம்பேறி என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை. மாமியார் சொன்ன ஒன்று விடாமல் எல்லாவற்றையும், வாயால் சிரித்துக்கொண்டே, இந்த மனிதர் கடைப்பிடித்து வந்திருக்கிறார்.

அப்போது எனக்கு வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. சத்தியமாக நிம்மதிதான். நான் மட்டும் ஒண்டியாகப் பயந்துகொண்டிருக்கவில்லை. பக்கத்துத் தலையணையில் இன்னொருவரும் அதே பயத்தோடு படுத்திருந்திருக்கிறார். நானும் பயப்படுகிறேன் என்று சொன்னேன். குழந்தை அசைவதை நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்கிறேன் என்று சொன்னேன். தெரியும் என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அவர் அங்கியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வாடகைக் கடையின் பூச்சியுருண்டை வாசனை மூக்கில் ஏறியது.

மாமியார் வந்து எங்களைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். முந்தானையால் மகனின் முகத்துப் பவுடரைத் துடைத்துவிட்டு, “சுல்தான்தான் பொழைச்சிட்டாரே, அப்புறம் என்ன, வீட்டுக்கு வாங்க ரெண்டு பேரும்” என்றார். மூன்று பேருமாக ஏரிக்கரையோரம் நடந்து வந்தோம். வழியெல்லாம் அந்த பாங்க் கிளார்க்கின் ஒப்பாரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மாமியார்தான் அதிகம் சிரித்தார்.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை வலி எடுத்தது. தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பத்து மணி வாக்கில் பெண் பிறந்தாள். பிறந்த கணத்தில் அறை ஒரேயடியாக அமைதியாக இருந்தது. நான் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். டாக்டரம்மா எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் அழுதாள். சிணுங்கல் இல்லை, ஊரைக் கூட்டுகிற அழுகை. அடுத்த நொடியே, சாத்திய கதவுக்கு வெளியிலிருந்து ஓர் ஆம்பிளை வாய்விட்டு அழுகிற குரல் கேட்டது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. யாரும்மா அது வெளியே என்று நர்ஸ் கேட்டாள். என் வீட்டுக்காரர், அழட்டும் விடுங்கள் என்றேன்.